லீதியாள் அம்மாளின் இரண்டு கல்லறைகள்

ஆகஸ்ட் 14, திங்கள்

மத்தியானம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது புளோரா மதினி அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் இந்தப் பக்கம் வருவதே அபூர்வம். சாப்பாட்டில் ஏதோ குறை போலிருக்கிறது என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"சுகிர்தம், உன் கையெழுத்து நல்லாருக்கும்ல? ஒரு வேலை இருக்கு."

லீதியாள் வில்காக்ஸ் அம்மாள் எங்கள் ஊரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஆரம்பித்து இந்த வருஷம் நூற்றைம்பது ஆகிறது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் தோட்ட ஆராதனையோடு சேர்த்து விழா. சிறப்பு மலர் போடுகிறார்கள். அதில் அம்மாளின் வம்ச வரலாறு வர வேண்டுமாம். அமெரிக்காவில் எந்த ஊர், அப்பா யார், தாத்தா யார், எல்லாம்.

அம்மாள் சின்ன வயதில் மிஷனரிகளோடு பாய்மரக் கப்பலில் வந்து, இங்கேயே ஆசீர்வாதம் உபதேசியாரைக் கட்டிக்கொண்டு, இங்கேயே மண்ணுக்குள் போனவர்கள். என் வீட்டுக்காரருக்குக் கொள்ளுத்தாத்தாவைப் பெற்றவர்கள். இந்த வீட்டில் எல்லோர் பெயருக்குப் பின்னாலும் வில்காக்ஸ் வருவது அதனால்தான். இவர்கள், என் வீட்டுக்காரர், எட்வின் வில்காக்ஸ், மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். இவர்களுடைய அக்கா மிஸ் புளோரா வில்காக்ஸ், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. எங்கள் மகள் கெத்சியாள் வில்காக்ஸ். நான் சுகிர்தம்.

"நீ விசாரிச்சு எழுதிக் குடு. கட்டுரை என் பேர்ல வரட்டும். படிக்கிறவங்களுக்கு அதுதான் பொருத்தமா இருக்கும்" என்றார்கள் மதினி.

சரி என்றேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் பெயரில் வந்தால் யார் படிப்பார்கள்?

வீட்டுச் செலவு எழுதும் இந்த நோட்டில் அவ்வப்போது நன்றி என்று ஒரு வரி எழுதி முடிப்பது என் வழக்கம். கர்த்தருக்கும் கணக்குக் காட்ட வேண்டுமல்லவா.

நன்றி: மதினி என் கையெழுத்தைப் பாராட்டியதற்கு.

ஆகஸ்ட் 17, வியாழன்

கெத்சி இன்று வேலைக்கு விடுப்பு. திண்டுக்கல் கண் ஆஸ்பத்திரியில் கண்ணாடி பவர் பார்க்கிற வேலை. என் போனில் மின்னஞ்சல் அனுப்பச் சொல்லிக்கொடுத்தாள்.

எங்கே விசாரிப்பது என்பதற்கு வீட்டில் ஒரே ஒரு துப்பு உண்டு. ஷோகேஸில் இருக்கும் பீங்கான் தட்டு. நீல நிறத்தில் பாலமும் மரமும் போட்டது, லீதியாள் அம்மாள் கல்யாணத்துக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் கேக்கின் முதல் துண்டை மதினி அதில் வைப்பார்கள். கழுவுவதும் அவர்களே. கல்யாணமான முதல் வருஷம் நான் கழுவ எடுத்தபோது, "அது உன் கைக்குப் பழக்கமில்லாதது, குடு" என்று வாங்கிக்கொண்டார்கள். அதிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. உடைந்துவிடும் என்கிற பயம் அவர்களுக்கு.

மதினி தட்டைக் கவிழ்த்துப் பிடிக்க, பின்பக்கம் எழுதியிருந்ததைக் கெத்சி படித்தாள். லிதியா வில்காக்ஸ், ஆஷ்பி ஹாலோ, வெர்மாண்ட். நான் இரண்டடி தள்ளி நின்று எழுதிக்கொண்டேன்.

"பாத்தியா, கெத்சி, உன் மூக்கும் வில்காக்ஸ் மூக்குதான். கூரா இருக்கும்" என்றார்கள் மதினி.

"கலர் மட்டும் வத்தலக்குண்டு வெயில்ல கருகிப்போச்சாக்கும் அத்தே?"

மதினி அவளை முறைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, இருமி மறைத்தேன்.

ஆஷ்பி ஹாலோவில் பழைய வரலாறு சேர்த்து வைக்கும் சங்கம் ஒன்று இருக்கிறதாம். அவர்களுக்கு எழுதினேன். இங்கிலீஷ் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தமிழ் வேதத்தையும் இங்கிலீஷ் வேதத்தையும் பக்கம் பக்கமாக விரித்து வைத்து, பல வருஷம் மத்தியான நேரங்களில் படித்தேன். கெத்சி வாசித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, மோசேயே லெட்டர் போட்ட மாதிரி இருக்கு" என்றாள். திருத்த வேண்டாம், அப்படியே போகட்டும் என்றேன்.

பால், கீரை, இவர்கள் சட்டைக்குப் பித்தான்.

ஆகஸ்ட் 26, சனி

கெத்சி காலையில் சொல்லிவிட்டாள். அவளுக்கு ரூபனைப் பிடித்திருக்கிறது. தெற்குத் தெரு ஞானமுத்துக் கொத்தனார் மகன். கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கிறான், நல்ல பிள்ளை. ஞானமுத்து என் அப்பாவிடம் வேலை கற்றவர், அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். முறை சரிதான்.

சேரி என்று வாயால் சொல்லக் கூசுகிறவர்கள் எங்கள் ஊரில் தெற்குத் தெரு என்பார்கள். நானும் அந்தத் தெரு.

இவர்கள் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "உங்கம்மாவைக் கொண்டாந்ததோட அது முடியட்டும். நம்ம வம்சம் என்ன, லீதியாள் அம்மா ரத்தம் என்ன? மறுபடி அங்கயே போய் நிக்கவா?"

மதினி கோயம்புத்தூரில் ஒரு வரன் பார்த்து வைத்திருக்கிறார்களாம். மில் சூப்பர்வைசர் வீடு. அமெரிக்க வம்சம் என்று கேட்டதும் அவர்களுக்கு ரொம்பத் திருப்தி. நவம்பர் இரண்டாம் தேதி விழாவுக்கு வந்து, அப்படியே பேசி முடித்துவிடுவார்கள்.

கெத்சி என்னைப் பார்த்தாள். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். நான் என்ன சொல்ல முடியும்? சபைப் பாடகர் குழுவில் என் குரலைக் கேட்டு, வீட்டையே எதிர்த்துக்கொண்டு எங்கள் தெருவுக்குப் பெண் கேட்டு வந்தவர்கள் இவர்கள். எனக்காக அத்தனை படி இறங்கி வந்தவர்களிடம் இன்னும் ஒரு படி இறங்குங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

ஒவ்வொரு கல்யாண நாளிலும் குடும்ப ஜெபத்தில் நான் சத்தமாக அதற்கு நன்றி சொல்வேன். இவர்கள் ஆமென் சொல்வார்கள்.

செப்டம்பர் 4, திங்கள்

பதில் வந்துவிட்டது! டோரதி என்று ஒரு அம்மாள். எழுபத்தெட்டு வயது. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். என் இங்கிலீஷ் அவர்கள் பாட்டியின் ஜெபத்தைப் போல இருக்கிறதாம்.

லீதியாள் அம்மாளின் தகப்பனார் ஜொசையா வில்காக்ஸ், சபை மூப்பர், செம்மறியாடு வளர்த்தவர். தாயார் ஹன்னா. தாத்தா எபனேசர் சண்டைக்குப் போய்க் கால் போனவர். அவருடைய தகப்பனார் கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்தவர். மூன்று அண்ணன்மார். லிதியா ஒரே பெண். 1832-ல் பிறந்தவள்.

ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டு வாசித்தேன். பனி பெய்யும் ஊரில் ஆட்டு ரோமம் நூற்றுக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண், அப்பா வீட்டை விட்டு, திரும்பிப் போக வழியில்லாத இடத்துக்கு வாழ வந்திருக்கிறாள். இந்த வீட்டில் அவளுக்குப் பிறகு அப்படி வந்தவள் நான்தான் என்று தோன்றியது. நான் வந்த தூரம் நாலு தெரு என்றாலும்.

நன்றி: டோரதி அம்மாளுக்காக.

செப்டம்பர் 10, ஞாயிறு

சார்ட் பேப்பரில் மரம் போல வரைந்து பெயர்களை எழுதினேன். வேரில் கப்பலில் வந்தவர், நுனியில் கெத்சியாள். இவர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். மதினி சட்டம் போடக் கொடுக்கப் போகிறார்களாம். ஆராதனை முடிந்து வந்த பெண்கள் ஐக்கியத்தார் எல்லோரும் பார்த்துவிட்டுப் போனார்கள். "மிஸ் எவ்வளவு உழைச்சிருக்கீங்க" என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். நான் வடை எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கெத்சி மட்டும், "அது எங்கம்மா வரைஞ்சது" என்றாள். யார் காதிலும் விழவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

டோரதி ஒரு படம் அனுப்பியிருக்கிறார்கள். ஆஷ்பி ஹாலோ கல்லறைத் தோட்டம். சாய்ந்த சின்னக் கல், பாசி பிடித்தது. லிதியா வில்காக்ஸ், ஜொசையா ஹன்னா இவர்களின் மகள், 1841-ல் மரித்தாள், வயது ஒன்பது.

இது வேறு லிதியாவாக இருக்க வேண்டும். மூத்தது செத்துப் போனால் அடுத்துப் பிறந்ததற்கு அதே பெயரை வைப்பதுண்டு. அப்படியா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். நம் அம்மாளின் கல்லறை இங்கே இருக்கிறது, 1898 என்று போட்டிருக்கிறது. ஒரு ஆள் இரண்டு முறை சாக முடியாது.

செப்டம்பர் 26, செவ்வாய்

எழுதினால் விளங்காது, பேசலாம் என்று டோரதியே போனில் கூப்பிட்டார்கள். சாயங்காலம், மதினியும் இவர்களும் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரம். எனக்குப் புரியாததைக் கெத்சி சொன்னாள்.

ஹன்னாவுக்கு வேறு பெண் பிள்ளை பிறக்கவில்லை. மகள் செத்த துக்கத்தில் அந்த அம்மாள் படுத்துவிட்டாள். அப்போது அங்கேயெல்லாம் ஒரு வழக்கம் இருந்ததாம். சபைப் பெண்கள் காலுறை பின்னி விற்று மிஷனுக்குப் பணம் அனுப்புவார்கள். இங்கே போர்டிங் பள்ளியில் ஒரு பெண்ணுக்குச் சோறு போட்டுப் படிக்க வைப்பார்கள். பணம் அனுப்பியவர்கள் சொல்கிற பெயரை அந்தப் பெண்ணுக்கு வைப்பார்கள். செத்துப்போன தங்கள் பிள்ளையின் பெயரைச் சொன்னவர்கள் நிறையப் பேர். ஹன்னாவும் அப்படித்தான்.

"அப்படியானால் எங்கள் லீதியாள் அம்மாள் கப்பலில் வரவில்லையா?" என்று கேட்டேன்.

"அவள் உங்கள் ஊரில் பிறந்த பெண், அம்மா" என்றார்கள் டோரதி.

ஹன்னா சாகும்வரை, இந்தியாவில் என் லிதியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். கல்யாணத்துக்குத் தட்டு அனுப்பியது அவள்தான். அந்த இந்திய லிதியாவைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் அதற்கு மேல் தெரியாது, நீங்கள் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டீர்கள் என்று டோரதி அழுதார்கள்.

போனை வைத்ததும் கெத்சி தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அத்தையோட மூக்கு! அய்யோ அம்மா, அத்தையோட மூக்கு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்கள் இதை எப்படித் தாங்குவார்கள்? வாழ்நாள் முழுக்க நம்பியது. மெதுவாக, பக்குவமாகச் சொல்ல வேண்டும். அதுவரை வாயைத் திறக்காதே என்று கெத்சியிடம் சத்தியம் வாங்கினேன். இவர்களுக்குப் பெலன் தர வேண்டும் என்று ஜெபித்தேன்.

செப்டம்பர் 27, புதன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

அக்டோபர் 3, செவ்வாய்

சொல்வதற்கு முன்னால் கல்லை ஒருமுறை பார்த்துக்கொள்வோம் என்று விளக்குமாறு எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். விழாவுக்கு எப்படியும் சுத்தம் செய்ய வேண்டும்.

கல்லின் மேல் பாதியில் ஆங்கிலத்தில் பெயரும் வருஷமும். கீழ்ப் பாதியில் கறுப்புக் கிரானைட் பலகை பதித்து, தங்க எழுத்தில் வில்காக்ஸ் குடும்பத்தார் நினைவாக என்று இருக்கிறது. அது என் அப்பா பதித்தது. அப்பா அப்போது பெரிய மேஸ்திரி. என் கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருந்தது, மருமகன் வீட்டு வேலை என்று தானே செய்தார்.

தூசி தட்டும்போது விளக்குமாற்றுக் கட்டை பலகையில் இடித்தது. டொண் என்றது.

மறுபடி தட்டினேன். நடு, இடது, வலது. நான்கு மூலையைத் தவிர எங்கே தட்டினாலும் உள்ளே வெறுமை. அப்பா இதைப் பானைச் சத்தம் என்பார். சின்ன வயதில் என் கையில் குச்சியைக் கொடுத்து, பதித்த கல்லையெல்லாம் தட்டிக்கொண்டு வரச் சொல்வார். ஒரு கல்லில் பானைச் சத்தம் கேட்டாலும் பெயர்த்து எடுத்து மறுபடி கலவை வைப்பார். அந்தக் கையால் இப்படி ஒரு பலகை பதிந்திருக்க முடியாது.

பலகை பதித்த அன்று அவருக்கு டீ கொண்டு வந்தேன். எப்போதும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறவர், அன்று வாசலிலேயே நிற்கச் சொல்லி டம்ளரை எட்டி வாங்கிக்கொண்டு, போ என்றார். கல்யாணப் பெண் கல்லறைக்குள் வரக்கூடாது என்று நினைத்தார் போல என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. கேட்க முடியாது.

அக்டோபர் 5, வியாழன்

ஞானமுத்து அண்ணன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை கட்டிக்கொண்டிருந்தார். அப்பாவோடு அன்று கலவை போட்டவர் அவர்தான். என்னைப் பார்த்ததும் சாரத்திலிருந்து இறங்கினார்.

"என்ன தங்கச்சி, வெயில்ல? புள்ளைக விஷயமா? வாத்தியாரு என்ன சொல்றாரு?"

"அது இல்லண்ணே. லீதியாள் அம்மா கல்லறைல பதிச்ச கிரானைட்டு. உள்ள வெறுமையா இருக்கு."

கையில் இருந்த பூச்சுக் கரண்டியைக் கலவைச் சட்டியில் போட்டார். "இம்புட்டு நாள் கழிச்சுத் தட்டிப் பாத்தியாக்கும்."

"சொல்லுங்கண்ணே."

"அந்தக் கல்லுல கீழ தமிழ்ல எழுதியிருந்துச்சு. மண்ணுக்குள்ள கெடந்தவரைக்கும் யாரு கண்ணுலயும் படல. தோட்டத்தச் சீர் பண்றோம்னு மண்ண வெட்டவும் மேல வந்துருச்சு. தெற்குத் தெரு சடையன் மகள் காத்தாயி என்னும் லீதியாள். உங்கப்பாதான் எழுத்துக் கூட்டி வாசிச்சாரு. நம்ம தெரு முக்குல சடையன் கெணறு இருக்குல்ல, அந்தச் சடையன்."

அந்தக் கிணற்றில்தான் நான் தண்ணீர் இறைத்து வளர்ந்தேன்.

"யாரு மறைக்கச் சொன்னது?"

"வேற யாரு, வாத்தியாருதான். உன் நாத்தனாவும் கூட நின்னுச்சு. 'இது மறைஞ்சாத்தான் அந்தப் புள்ள எங்க வீட்டுப் படி ஏறலாம். இல்லன்னா ஊரே ரெண்டையும் சேத்து வச்சுப் பேசும்'னுச்சு. வாத்தியாரு தலையாட்டுனாரு."

"அப்பா?"

"'எம் மககிட்டச் சொல்லிராத ஞானமுத்து, தெரிஞ்சா அவ அந்த வீட்ல வாழமாட்டா'ன்னாரு. ஆனா நாலு மூலைல மட்டுந்தான் கலவை வச்சாரு. நடுவுல வெறும் மணலக் கொட்டுனாரு, எழுத்துல கலவை ஒட்டிரக் கூடாதுன்னு. 'என்ன மேஸ்திரி, இது நிக்காதே'ன்னேன். 'நிக்கவா பதிக்கிறேன்'னாரு."

"தெருவுல வேற யாருக்குத் தெரியும்?"

"பெரியாளுக எல்லாத்துக்கும் தெரியும் ஆத்தா." கொஞ்சம் தயங்கினார். "ஒனக்குத்தான் தெரியாது."

டீ வாங்கித் தந்தார். குடித்தேனா என்று ஞாபகம் இல்லை.

அக்டோபர் 6, வெள்ளி

காலையில் இவர்களுக்குத் தோசை வைத்தேன். மதினி நடைப்பயிற்சிக்குப் போயிருந்தார்கள்.

"லீதியாள் அம்மாவுக்கு முன்பேரு காத்தாயியாம்" என்றேன்.

பிய்த்த விள்ளலைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "யாரு சொன்னா?" என்றார்கள்.

அப்படியா என்று கேட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன். ஞானமுத்து அண்ணனைப் பொய்யர் ஆக்கிவிட்டு இவர்களை நம்பியிருப்பேன்.

"உன்னக் கட்டணும்னுதான் அதப் பண்ணேன் சுகிர்தம். அக்கா ஒத்துக்கல. எனக்கு வேற வழி தெரியல."

"சரி. கல்யாணம் முடிஞ்ச மறுநாள் சொல்லியிருக்கலாம்ல? கெத்சி பிறந்தப்ப? மதினி என் கையிலருந்து தட்ட வாங்குனாங்களே, நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்களே, அப்ப?"

"எப்பவோ செத்துப்போனவங்க. இது ஒரு விஷயமா?"

"விஷயம் இல்லன்னா கெத்சி ரூபனக் கட்டட்டும்."

"அது வேற."

"என்ன வேற?"

"ஊருக்குத் தெரியாதுல்ல."

அடுப்பில் தோசை தீயும் வாசனை வந்தது. நான் போகவில்லை. "வருஷா வருஷம் ஜெபத்துல நன்றி சொன்னேனே, படி இறங்கி வந்தவருக்காகன்னு. ஆமென் சொன்னீங்களே" என்றேன்.

கை கழுவிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டார்.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தீய்ந்த தோசையை நானே சாப்பிட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

டோரதி சொன்னதையும் கல்லில் இருப்பதையும் சேர்த்துக் கட்டுரையைச் சுத்தமாக எழுதி மதினியிடம் கொடுத்தேன். காத்தாயி என்று எழுதிய இடத்தை மதினி நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள், அழிந்துவிடும் என்பது போல.

"யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவி சொல்றான்னு நம்ம குடும்பத்த நாமளே அசிங்கப்படுத்திக்கிறதா? உனக்கு வேணா அதுல சந்தோஷம் இருக்கலாம்."

மலர் பழைய கதையோடு அச்சுக்குப் போய்விட்டது. பக்கத்தில் எட்வின் நின்றுகொண்டிருந்தார்.

இனி கெத்சிக்கு எதை மறைப்பது? எல்லாம் சொன்னேன். "நான் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போறேம்மா. கோயம்புத்தூர்க்காரங்க முன்னாடி பொம்மை மாதிரி நிக்க மாட்டேன்" என்றாள். ஒளிந்துபோய்க் கட்டிக்கொள்ள நீ என்ன தப்பு செய்தாய், விழா வரைக்கும் பொறு என்றேன்.

"விழாவுல என்னம்மா நடக்கப் போகுது?"

பூ வைக்க வேண்டும், மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்றேன்.

அக்டோபர் 28, சனி

பெட்டியிலிருந்து அப்பாவின் உளியை எடுத்தேன். துரு. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 2, வியாழன்

நாலு மணிக்கு ஆராதனை. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சாமந்தியும் மெழுகுவர்த்தியுமாக இருந்தது. லீதியாள் அம்மாள் கல்லறைக்கு முன்னால் பந்தல், மைக், நாற்காலி. முதல் வரிசையில் கோயம்புத்தூர்க்காரர்கள், மாப்பிள்ளைப் பையன் நீலக் கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்தான். சட்டம் போட்ட மரத்தை மதினி அவர்களுக்குப் பார்வையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். தெற்குத் தெருக்காரர்கள் எப்போதும்போலச் சுவரோரம் நின்றார்கள். ஞானமுத்து அண்ணன், ரூபன், எல்லோரும்.

மதினி மலரைப் பிரித்து வாசித்தார்கள். பாய்மரக் கப்பல், கடல் சீற்றம், வெள்ளை உடையில் இறங்கிய கன்னிப் பெண். நல்ல குரல் அவர்களுக்கு.

கப்பல் கரை சேரும் இடத்தில் நான் பூக்கூடையோடு முழங்கால் போட்டேன். பூ வைக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். கூடைக்குள்ளிருந்து உளியை எடுத்து மேல் மூலையில் வைத்து ஒரு தட்டு. அடுத்த மூலையில் ஒரு தட்டு. அப்பாவின் கணக்குத் தப்பவில்லை. பலகை என் பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்து மணல் கொட்டியது. இருபத்தாறு வருஷம் வெயில் படாத மணல், மாவு போல என் மடியில் விழுந்தது. கெத்சி ஓடிவந்து மறுபக்கம் பிடித்தாள். இறக்கி வைத்தோம்.

மதினி வாசிப்பதை நிறுத்தினார்கள். ஆராதனை நடத்திய போதகர் ஐயர் குனிந்து, எதைப் பார்த்தாலும் வாசிக்கிற பழக்கத்தில், மைக்கிலேயே வாசித்துவிட்டார்.

"தெற்குத் தெரு சடையன் மகள் காத்தாயி என்னும் லீதியாள். ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்து அறிவித்தவள்."

கடைசி வரி எனக்கும் அப்போதுதான் தெரியும்.

எங்கோ ஒரு குழந்தை அழுதது. சுவரோரத்திலிருந்து ஒரு கிழவி, "ஆத்தா காத்தாயி!" என்றாள்.

நான் எட்வினைப் பார்த்தேன். முகம் வெளுத்துத்தான் இருந்தது. எழுந்தார். மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"சபையாரே, இது எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்" என்றார். "என் மனைவி ரெண்டு மாசமா ராப்பகலா ஆராய்ச்சி பண்ணி, மறைஞ்சு கிடந்த உண்மைய வெளிய கொண்டாந்திருக்காங்க. என் முன்னோர்கள் அறியாமைல மறைச்சத என் வீட்லருந்தே கர்த்தர் வெளிப்படுத்தினார். என் மனைவியும் தெற்குத் தெருதான், உங்களுக்குத் தெரியும். அன்னைக்கே நான் பேதம் பாக்கல. இனிமே என்ன பேதம்? ஞானமுத்து அண்ணன் மகனுக்கு என் மகளக் குடுக்கப் போறேன்னு இந்தக் கல்லறை முன்னாடியே சொல்றேன்."

முதலில் ஒருவர் தட்டினார். பிறகு எல்லோரும். ஐயர் அவரைக் கட்டிக்கொண்டார். தாழ்மை, தாழ்மை என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

ஞானமுத்து அண்ணன் கை தட்டவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று ஐயர் மைக்கை என் பக்கம் நீட்டினார். இரண்டு வார்த்தை போதும் எனக்கு. கெத்சியைப் பார்த்தேன். மணல் ஒட்டிய கையோடு ரூபனைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

"ஸ்தோத்திரம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நவம்பர் 3, வெள்ளி

கோயம்புத்தூர்க்காரர்கள் நேற்றுச் சாப்பிடாமலே போய்விட்டார்கள். பிரியாணி மிஞ்சியது. தெற்குத் தெருவுக்குக் கொடுத்தனுப்பினேன்.

"பாத்தியா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. நீ வருத்தப்பட்டதுக்கும் சரியாப் போச்சு" என்றார் எட்வின். காலையிலிருந்து அவரைப் பாராட்டிப் போன் வந்துகொண்டே இருக்கிறது.

மதினி அறையை விட்டு வெளியே வரவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தேன். "அவன் என்னையே பொய்க்காரியாக்கிட்டான்" என்றார்கள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஊறுகாய் வேண்டுமா என்று மட்டும் கேட்டேன்.

கல்லின் படத்தை டோரதிக்கு அனுப்பினேன். அந்தச் சின்ன லிதியாவின் கல்லறையில் போய்ப் பூ வைத்துவிட்டு, பக்கத்திலேயே காத்தாயி என்ற பெயரைத் தாளில் எழுதி வைத்தார்களாம். அவர்கள் அனுப்பிய படத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

நன்றி: ஹன்னா என்கிற தாயாருக்காக.

நவம்பர் 5, ஞாயிறு

கல்யாண நாள். காலையில் ஷோகேஸைத் திறந்து பீங்கான் தட்டை எடுத்தேன். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தேன். கைக்குப் பழகிய தட்டு மாதிரிதான் இருந்தது. உளுந்து வடையை அதில் அடுக்கி மேஜையில் வைத்தேன். மதினி பார்த்தார்கள். ஒரு வடை எடுத்துக்கொண்டார்கள்.

குடும்ப ஜெபத்தில் என் முறை வந்தது. எட்வின் கண்ணை மூடிக் காத்திருந்தார். ஒன்பது வயதில் போன லிதியாவுக்காக, ஹன்னாவுக்காக, சடையனுக்காக, காத்தாயிக்காக, பெரிய மேஸ்திரி என் அப்பாவுக்காக நன்றி சொன்னேன். மூச்சு விடாமல் நானே ஆமென் என்று முடித்தேன். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார்.

நவம்பர் 9, வியாழன்

கிரானைட் பலகையை என்ன செய்வது என்று ஐயர் கேட்டனுப்பினார். என் அப்பா வேலை, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று ஆட்டோவில் கொண்டுவந்துவிட்டேன்.

கெத்சி கல்யாணம் ஜனவரியில் என்று பேசியிருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு வந்த ஞானமுத்து அண்ணனிடம், பலகையைப் புறவாசல் படியில் பதித்துத் தரச் சொன்னேன். காலையில் பல் தேய்க்க எட்வின் இறங்குகிற படி.

"எழுத்து மேல இருக்கட்டுமா, கீழ போகட்டுமா?" என்று கேட்டார்.

"மேல."

"மிதிபடுமே, தங்கச்சி. வில்காக்ஸ் குடும்பத்தார்னு போட்டிருக்கே."

"மிதிக்கட்டும். யாரு மிதிக்கிறாங்கன்னு அவங்களுக்குத் தெரியும்."

கலவையை நானே குழைத்துக் கொடுத்தேன். மூலையிலிருந்து மூலை வரை வைக்கச் சொன்னேன். காய்ந்த பிறகு விளக்குமாற்றுக் கட்டையை எடுத்து ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிப் பார்த்தேன்.

எங்கேயும் பானைச் சத்தம் இல்லை.